காதல் பாட்டும் பாட்டாளி வாழ்வும்

(வாலாஜாபாத்தில் நெசவாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள் கூடிய வாசகர் கூட்டத்தில் கட்சி முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



இன்று நான் எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் முன்வரிசையில் இருக்கும் பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். "கூலி உயர்வைப் பற்றிப் பேசுவாய் என்று சேலையைத் தறியில் பாதியில் விட்டுவிட்டு வந்தேன். நீ காதல் பாட்டைப் பற்றிப் பேசுகிறேன் என்கிறாயே, தம்பி!" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நம் தெருவில் எந்தத் தறிக் கொட்டகைக்குப் போனாலும் என்ன கேட்கிறது? நாடா ஓடும் சத்தம் கேட்கிறது. அதற்கு மேலே ஒரு பாட்டு கேட்கிறது. ஒரு காலத்தில் ரேடியோ, பிறகு டேப் ரிக்கார்டர், இப்போது செல்போன். ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகள் பஸ்ஸில் ஏறிய உடனே காதில் ஒயரை மாட்டிக்கொள்கிறார்கள். நாற்று நடும் பெண்கள் அந்தக் காலத்தில் தாங்களே பாடினார்கள். இப்போது வரப்பில் போன் பாடுகிறது. அந்தப் பாட்டுகளில் பத்துக்கு எட்டு காதல் பாட்டு. ஆகவே நம் பிள்ளைகளுக்குக் காதலைச் சொல்லிக் கொடுப்பது யார்? பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுப்பதில்லை. தாய் தகப்பன் வாயைத் திறப்பதில்லை. சங்கமும் பேசுவதில்லை. பாட்டுதான் வாத்தியார். வாத்தியார் என்ன பாடம் நடத்துகிறார் என்று பார்க்க வேண்டாமா?

இன்னொரு காரணமும் உண்டு. சில வாரங்களுக்கு முன்னால், ராத்திரி ஒன்பது மணிக்கு, ஒரு பையனும் ஒரு பெண்ணும் கட்சி ஆபீசுக்கு வந்தார்கள். பையன் நெசவாளியின் மகன். பெண் விவசாயத் தொழிலாளியின் மகள். ஜாதி வேறு. "எங்களுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள்" என்றார்கள். அவர்கள் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். பெயரையும் ஊரையும் சொல்ல மாட்டேன். அன்று அவர்களோடு பேசியபோது, நான் படித்த பாட்டுகளும், நான் செய்த தப்பும் சேர்ந்தே என் நினைவுக்கு வந்தன. அதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்.

நான் பண்டிதன் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன். கட்சிக்கு வந்த பிறகுதான் படிக்கக் கற்றுக்கொண்டேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

முதலில் பழைய பாட்டுகளைப் பார்ப்போம். சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய சங்கப் பாட்டுகளில் பெரும்பகுதி காதல் பாட்டுதான். நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, கலித்தொகை, அகநானூறு என்ற ஐந்து நூல்களில் மட்டும் 1,800-க்கு மேற்பட்ட பாட்டுகள் இருக்கின்றன. இவற்றைப் பாடியவர்கள் எல்லாரும் அரண்மனைப் புலவர்கள் என்று நினைக்காதீர்கள். ஒருவர் பெயர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அறுவை என்றால் துணி. ஜவுளி வியாபாரி! இன்னொருவர் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், தானியம் விற்றவர். இன்னொருவர் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார். பொன் வேலை செய்தவர். வெள்ளிவீதியார், அள்ளூர் நன்முல்லையார், ஒளவையார் என்று பெண் புலவர்களும் பலர் பாடியிருக்கிறார்கள். தொழில் செய்து பிழைத்தவர்களும் பெண்களும் சேர்ந்து பாடிய பாட்டு அது.

அந்தப் பாட்டுகளுக்கு ஒரு சட்டம் இருந்தது. காதல் பாட்டில் காதலன், காதலியின் பெயரைச் சொல்லக்கூடாது. தலைவன், தலைவி, தோழி, செவிலித்தாய் - அவ்வளவுதான். ஏன்? ஒரு பெண்ணின் பெயரைச் சந்தியில் இழுத்துவிடக்கூடாது என்ற அடக்கமும் அதில் உண்டு என்று நான் நினைக்கிறேன். இன்று நம் பையன்கள் சிலர் கோபம் வந்தால் பெண்ணின் படத்தைப் போனில் ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்களே, அவர்களுக்கு இந்தச் சட்டத்தைச் சொல்லுங்கள்.

இதைவிட முக்கியமான சட்டம் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியம் அகத்தை ஏழு திணையாகப் பிரிக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை - இந்த ஐந்தும் அன்பின் ஐந்திணை. இரண்டு பேரும் மனம் ஒத்த காதல். மீதி இரண்டு? ஒன்று கைக்கிளை, அதாவது ஒருதலைக் காமம். இன்னொன்று பெருந்திணை, பொருந்தாத காமம். பெண்ணுக்கு இஷ்டமில்லாதபோது பலவந்தம் செய்வதை இந்தப் பெருந்திணையில்தான் தள்ளியிருக்கிறார்கள். அன்பு என்ற பெயரை அதற்குக் கொடுக்கவில்லை. பார்த்தீர்களா? "அவளுக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் அது காதல்" என்று இன்றைய சினிமாக்காரன் சொல்கிறான். "அது காதல் கணக்கில் வராது" என்று பழைய இலக்கணக்காரன் சொல்லிவிட்டான்.

மடலேறுதல் என்று ஒரு வழக்கத்தையும் அந்தப் பாட்டுகளில் பார்க்கிறோம். பெண் கிடைக்காத ஆண், பனைமட்டையில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, அவள் உருவத்தை எழுதிய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் வருவான். ஊர் கூடிப் பேசும். பெண் வீட்டார் அவமானத்துக்குப் பயந்து பெண்ணைக் கொடுப்பார்கள் என்று கணக்கு. "மடலேறுவேன்" என்று வாயால் சொல்வதை ஐந்திணைப் பாட்டில் அனுமதித்தார்கள். உண்மையிலேயே ஏறிவிட்டால் பெருந்திணை என்று ஒதுக்கினார்கள். அதாவது மிரட்டல் எல்லை தாண்டினால் அது அன்பு அல்ல.

தோழர்களே, இந்த இடத்தில் என் கதையைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எங்கள் தெரு வழியாக ஒரு பெண் டைப்ரைட்டிங் படிக்கப் போய்வருவாள். முனையில் டீக்கடை. அவள் வருகிற நேரம் பார்த்து, கடை டேப் ரிக்கார்டரில் ஒரு காதல் பாட்டைப் போடச் சொல்வேன். கூட இருந்த பையன்கள் கை தட்டுவார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போவாள். "வெட்கப்படுகிறாள்" என்று நான் நினைத்தேன். சினிமாவில் அப்படித்தானே? முதல் ரீலில் முறைப்பாள், இடைவேளைக்குள் மனம் மாறுவாள். இப்படி ஒரு மாதம். ஒரு நாள் அவள் வரவில்லை. பிறகு வரவே இல்லை. கொஞ்ச நாளில் நான் அதை மறந்தும் போனேன்.

பதினைந்து வருஷம் கழித்து, கூலிப் பிரச்சினைக்காகப் பெண்களைத் திரட்டிய ஒரு கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. கூட்டம் முடிந்ததும் அவளே பக்கத்தில் வந்தாள். "அண்ணா, நீங்க போட்ட பாட்டு இன்னும் எனக்கு மனப்பாடம். அந்தப் பாட்டாலதான் எங்கப்பா என் படிப்பை நிறுத்தினாரு. லோயர் பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தோழர்களே, நான் அவள் மேல் கை வைக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. ஆனால் அவள் சாப்பாட்டுத் தட்டில் மண்ணைப் போட்டுவிட்டேன். ஒரு ஏழைப் பெண் தறியை விட்டு, வயலை விட்டு வெளியே போக வைத்திருந்த ஒரே கதவை, நான் ஒரு பாட்டால் அடைத்துவிட்டேன். அவளை வீட்டில் உட்கார வைத்த அப்பாவைக் குறை சொல்லலாம். ஆனால் அவர் கையில் காரணத்தைக் கொடுத்தவன் நான்.

இன்று இதற்குச் சட்டம் இருக்கிறது. இஷ்டமில்லை என்று காட்டிய பிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்வதை 2013-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமாகச் சேர்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 78-வது பிரிவாக அது இருக்கிறது. முதல் தடவைக்கே 3 வருஷம் வரை சிறை. ஆனால் போலீசுக்குப் பயந்து அடங்குவது வேறு, அவளும் என்னைப் போல ஒரு மனுஷி என்று உணர்ந்து நிற்பது வேறு. இரண்டாவதைத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும். பாட்டில் கதாநாயகி மனம் மாறுவது எழுதியவன் கையில் இருக்கிறது. தெருவில் போகிற பெண்ணின் மனம் அவள் கையில்தான் இருக்கிறது.

இனி இரண்டாவது பாடத்துக்கு வருவோம். சங்கப் பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தவள் தலைவி அல்ல, தோழி. அவள் என்ன செய்கிறாள்? காதலன் ராத்திரியில் திருட்டுத்தனமாக வந்து போய்க்கொண்டே இருக்கிறான். தோழி அவனை நிறுத்திக் கேட்கிறாள்: வழி ஆபத்தானது, ஊர் பேச ஆரம்பித்துவிட்டது, எப்போது கல்யாணம் செய்துகொள்வாய்? இதற்கு வரைவு கடாதல் என்று பெயர். பிறகு வீட்டில் உண்மையைச் சொல்லும் நேரம் வரும்போது அவளே துணிந்து சொல்கிறாள். அதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். என்ன அருமையான பெயர்! மறைப்பதை அறம் என்று சொல்லவில்லை. தக்க சமயத்தில் வெளியே சொல்வதை அறம் என்றார்கள்.

சினிமாவிலிருந்து இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்று சொல்கிறேன். 1959-ல் ஸ்ரீதர் எடுத்த 'கல்யாணப் பரிசு' பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பாட்டெல்லாம் நம் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். தங்கையும் ஒருவனும் காதலிக்கிறார்கள். அது தெரியாமல் அக்காவும் அவனையே விரும்புகிறாள். தங்கை தியாகம் செய்கிறாள். அவனை அக்காவுக்குக் கட்டிவைக்கிறாள். ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். நானும் டி.வி.யில் பார்த்து அழுதிருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த அக்காவிடம் யாராவது உண்மையைச் சொன்னார்களா? இல்லை. அவள் வாழ்க்கையைப் பற்றி மற்ற இரண்டு பேர் கூடி முடிவு செய்தார்கள். விளைவு? மூன்று பேருக்கும் நிம்மதி இல்லை. தியாகம் உயர்ந்த குணம்தான். ஆனால் இன்னொருவர் வாழ்க்கையை அவரைக் கேட்காமலே தீர்மானிப்பது தியாகம் ஆகாது. ஒரு தோழி அங்கே இருந்து, அக்காவிடம் அறத்தொடு நின்றிருந்தால், கதை அன்றைக்கே முடிந்திருக்கும். மூன்று பேரும் பிழைத்திருப்பார்கள்.

மூன்றாவது பாடம் கூலியைப் பற்றியது. பெரியவரே, நீங்கள் எதிர்பார்த்த விஷயம் வந்துவிட்டது!

பாலைத் திணைப் பாட்டுகளில் மீண்டும் மீண்டும் வருவது என்ன? பொருள்வயின் பிரிவு. பிழைப்புக்காக, பொருள் சம்பாதிக்க, ஆண் காட்டு வழியில் போகிறான். பெண் நாளை எண்ணிக்கொண்டு வீட்டில் இருக்கிறாள். இரண்டாயிரம் வருஷம் ஆகியும் அந்தப் பாட்டு முடியவில்லை. பேராசிரியர் நா. வானமாமலை தொகுத்த தமிழர் நாட்டுப் பாடல்களைப் புரட்டிப் பாருங்கள். 1964-ல் வந்த புத்தகம். அங்கே காதலர்கள் நிலாவைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. வேலை, கூலி, பிரிவு எல்லாம் காதல் பேச்சுக்குள்ளேயே வருகின்றன. உழைக்கிறவன் காதலில் வயிறும் ஒரு பாத்திரம், தோழர்களே!

நம் பட்டுக்கோட்டை இதை நன்றாக அறிந்தவர். 1930-ல் பிறந்து 1959 அக்டோபர் 8-ல், இருபத்தொன்பதே வயதில் மறைந்துவிட்டார். தஞ்சை மாவட்டத்து விவசாயிகள் இயக்கத்தில் வளர்ந்த கவிஞர். 1960-ல் வெளிவந்த 'இரும்புத்திரை' ஆலைத் தொழிலாளர் படம். அதில் கைக்கு வந்த கூலி வீட்டுக்கு வருவதற்குள் எங்கே மறைகிறது என்று கேட்கும் பாட்டை அவர் எழுதினார். அதே படத்துக்குக் காதல் பாட்டும் எழுதினார். அந்த இரண்டையும் ஒரே பேனாதான் எழுதியது என்பதை மறக்காதீர்கள். கூலி இல்லாத காதல் பட்டினி. காதல் இல்லாத கூலி வெறும் செக்கு.

இன்று நிலைமை எப்படி? கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பு ஆலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று வந்தது. ஏழைப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஆலை ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கி, முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு என்று ஆசை காட்டினார்கள். இடையில் நோய் வந்து நின்றால் அந்தப் பணம் கைக்கு வராமலே போன பெண்கள் உண்டு. வெளியே போகத் தடை, ஆண் பிள்ளையோடு பேசத் தடை, போனுக்குத் தடை. யோசித்துப் பாருங்கள்: பெண்ணின் தாலி ஆசையைக் காட்டியே அவளுடைய இளமையை மலிவு விலைக்கு வாங்கினான் முதலாளி. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. ஆனால் வரதட்சணை ஒழிந்திருந்தால் இந்தத் தூண்டிலில் மாட்டப் புழு கிடைத்திருக்குமா? ஆகவே, இங்கே இருக்கும் இளைஞர்களே, "உன்னை உயிருக்கு மேலாக நேசிக்கிறேன்" என்று பாடிவிட்டு, கல்யாணப் பேச்சில் தாய் தகப்பன் பின்னால் ஒளிந்துகொண்டு பவுன் கேட்கிறவன் காதலன் அல்ல. பெண்ணின் மூன்று வருஷ உழைப்பைப் பறிப்பதில் அவனும் ஆலை முதலாளிக்குப் பங்காளி.

நான்காவது பாடம் ஜாதி. இதை மெதுவாகச் சொல்கிறேன். இதில் உயிர் போகிறது.

குறுந்தொகையில் 40-வது பாட்டு உலகம் முழுவதும் பேர் பெற்றது. எழுதியவர் சொந்தப் பெயர்கூட நமக்குத் தெரியாது. செம்மண்ணில் பெய்த மழைநீர் என்ற உவமையை வைத்து அவரைச் செம்புலப்பெயனீரார் என்கிறோம். இரண்டு குடும்பத்துக்கும் முன்பின் உறவு இல்லை, அறிமுகம் இல்லை. ஆனாலும் மனம் கலந்துவிட்டது என்பது அதன் கருத்து. செம்மண்ணில் விழுந்த மழையைப் பிரித்தெடுக்க எந்தப் பஞ்சாயத்தாலும் முடியாது. கல்யாண மேடையில் இந்தப் பாட்டை அச்சடித்துத் தொங்கவிடுகிறவர்களே, வீட்டுப் பெண் வேறு தெருவில் காதலித்தால் என்ன செய்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

முத்துப்பட்டன் கதை தெரியுமா? திருநெல்வேலிச் சீமையில், பாபநாசம் மலைப்பக்கம், வில்லுப்பாட்டில் பாடுகிற கதை. முத்துப்பட்டன் பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள் இருவரைக் காட்டில் கண்டு மோகித்துப் பின்னால் ஓடுகிறான். அவர்கள் பயந்து ஓடித் தகப்பன் வாலப்பகடையிடம் சொல்கிறார்கள். அந்தத் தகப்பன் என்ன செய்தான் பாருங்கள். "என் பெண் வேண்டுமானால் பூணூலையும் குடுமியையும் அறுத்துவிட்டு வா; எங்கள் தோல் வேலையைக் கற்றுக்கொண்டு, செருப்புத் தைத்துக்கொண்டு வா" என்ற கருத்தில் நிபந்தனை போட்டான். பட்டன் அப்படியே செய்தான். அண்ணன்மார் பிடித்து அடைத்து வைத்தும் தப்பி வந்தான். கடைசியில் மாமனார் மாட்டுக் கிடையைக் காக்கக் கள்ளரோடு சண்டையிட்டுச் செத்தான். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் அவனைப் பட்டவராயன் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். அங்கே அவனுக்குக் காணிக்கை என்ன தெரியுமா? செருப்பு!

அந்தக் கதையில் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. இரண்டு பெண்களை ஒருவன் கட்டுவதும், அவன் செத்ததும் அவர்கள் தீயில் விழுவதும் நமக்கு வேண்டாம். ஆனால் அந்தத் தகப்பனின் கேள்வி வேண்டும். "எங்கள் பெண் வேண்டும் என்கிறாயே, எங்கள் உழைப்பும் எங்கள் சோறும் உனக்கு ஆகுமா?" என்ற கேள்வி அது.

இன்னொரு விஷயம். நா. வானமாமலை இந்தக் கதையை 1971-ல் பதிப்பித்தார். கதையின் வேறு சில வடிவங்களில், அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், சக்கிலியர் எடுத்து வளர்த்தார்கள் என்று மாற்றிவிட்டார்கள். காதலைத் தடுக்க முடியவில்லை. செத்த பிறகு பெண்களின் ஜாதியை மாற்றினார்கள்! பாட்டிலே வரும் கலப்பு மணத்தைக்கூடச் சகிக்க முடியாத ஜாதி, பக்கத்துத் தெருவில் நடப்பதை எப்படிச் சகிக்கும்? நம் தமிழ்நாட்டில் காதலித்த குற்றத்துக்காகப் பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களுமே பிள்ளைகளைக் கொன்ற சேதியை நாம் எத்தனை தடவை படித்துவிட்டோம்?

பாரதிதாசன் 1937-ல் எழுதிய 'புரட்சிக்கவி'யில் இதற்கு விடை இருக்கிறது. அரசன் தன் மகள் அமுதவல்லிக்குக் கவிதை கற்றுக்கொடுக்க உதாரன் என்ற கவிஞனை வைக்கிறான். இருவரும் காதலித்துவிடக்கூடாது என்று நடுவில் திரை கட்டுகிறான். அவளிடம் "கவிஞனுக்குக் கண் தெரியாது" என்றும், அவனிடம் "அவளுக்குக் குஷ்டம்" என்றும் பொய் சொல்கிறார்கள். ஜாதியும் இதைத்தானே செய்கிறது? இந்தத் தெருவுக்கு அந்தத் தெருவைப் பற்றி ஒரு பொய். அந்தத் தெருவுக்கு இந்தத் தெருவைப் பற்றி ஒரு பொய். நடுவில் ஒரு திரை. நிலாவைப் பற்றிய ஒரு பாட்டால் அந்தத் திரை கிழிகிறது. பிறகு கொலைத் தண்டனை. அப்போது அந்தக் காதலர்களைக் காப்பாற்றியது யார்? தெய்வம் வரவில்லை. கூடியிருந்த ஜனங்கள் எழுந்தார்கள். ஆகவே பாடம் என்ன? ஜாதி மறுத்த காதல் இரண்டு பேர் தைரியத்தால் மட்டும் பிழைக்காது. ஜனங்கள் எழ வேண்டும்; சங்கம் எழ வேண்டும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் காதல் என்று சொல்லி யாரையும் அழைத்துப் போகாதீர்கள், பொறுங்கள், படியுங்கள். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் 1967-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் செல்லும். மதம் வேறானால் 1954-ம் வருஷத்துத் தனித் திருமணச் சட்டம் இருக்கிறது. அதற்கு முப்பது நாள் முன்னறிவிப்பு உண்டு. வயது வந்த இருவர் சம்மதித்தால் குடும்பத்தின் சம்மதமோ ஜாதியின் சம்மதமோ தேவையில்லை என்று சுப்ரீம் கோர்ட் 2018 மார்ச் 27-ல் தீர்ப்புச் சொன்னது. இப்படிப்பட்டவர்களைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்றும் உத்தரவிட்டது. காகிதத்தில் இருக்கும் உத்தரவைக் காவல் நிலையத்தில் உயிர்ப்பிப்பது நம் வேலை.

கடைசியாக, காதல் பாட்டு சொல்லிக் கொடுக்காத ஒரு பாடம்.

சினிமாப் பாட்டு தாலி கட்டியதும் நின்றுவிடுகிறது. சங்கப் பாட்டு அதற்கு மேலும் போகிறது. மருதத் திணையில் கணவன் பரத்தை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறான்; மனைவி ஊடுகிறாள்; கடைசியில் கதவு திறக்கிறாள். அவனுக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயம். பழைய பாட்டு என்பதற்காக அதையும் கும்பிட முடியாது. அவள் கோபத்தை வைத்துக்கொள்வோம்; அவன் சலுகையைத் தூக்கி எறிவோம்.

என் வீட்டையும் சொல்கிறேன். நான் முழுநேர ஊழியன். கட்சி கொடுக்கும் சிறு தொகையில் வீடு நடக்காது. என் மனைவி தறியில் உட்கார்ந்துதான் அடுப்பு எரிகிறது. ஒரு நாள் நான் வெளியூர்க் கூட்டம் முடிந்து வந்து, பெண் விடுதலையைப் பற்றிப் பேசியதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் நாடாவை நிறுத்தாமலே, "பேசினது நல்லாருக்கு. தண்ணி பிடிச்சு வெச்சிட்டு மீதியைச் சொல்லுங்க" என்றாள். அன்றிலிருந்து தண்ணீர் பிடிப்பது என் வேலை. அந்தத் தண்ணீர்க் குடத்தைப் பற்றி ஒரு காதல் பாட்டும் இதுவரை நான் கேட்டதில்லை. யாராவது எழுத வேண்டும்.

காஞ்சிபுரம் சேலையில் கோர்வை வேலை உங்களுக்குத் தெரியும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நாடாவும் வேறு வேறு. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒவ்வொரு ஊடையிலும் இரண்டு நூலும் கொக்கி போட்டுக்கொண்டால்தான் கரை நிற்கும். ஒருவர் மட்டும் ஓட்டினால் துணி வராது. கரை உடலை விழுங்குவதில்லை. உடல் கரையை விழுங்குவதில்லை. குடும்பம் என்றால் அப்படி இருக்க வேண்டும். பட்டு நெய்கிற நமக்கு இதை யாரும் வெளியிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை.

இப்போது, அன்று ராத்திரி வந்த பிள்ளைகளுக்குத் திரும்புகிறேன். பையன் சொன்ன முதல் வார்த்தை, "இவ இல்லேன்னா செத்துடுவேன்." பனைமட்டைக் குதிரை வந்து வாசலில் நின்றுவிட்டது! நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் பேசினாள்: "நீ செத்தா எனக்கு என்னா பிரயோஜனம்? வேலைக்குப் போறியான்னுதானே கேட்டேன்?" தோழர்களே, ஆயிரம் காதல் பாட்டுக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

நான் அவர்களிடம் நான்கு கேள்வி கேட்டேன். இரண்டு பேருக்கும் மனம் ஒத்திருக்கிறதா, அவளைத் தனியாகக் கேட்டாலும் அதையே சொல்வாளா? வீட்டில் யாரிடமாவது சொன்னீர்களா? எதைக் கொண்டு பிழைப்பீர்கள்? அவள் வீட்டுச் சோற்றை உன் வீட்டார் முன்னால் நீ சாப்பிடுவாயா? முதல் கேள்விக்கு உடனே பதில் வந்தது. பெண் தோழர் ஒருவர் அவளைத் தனியாகவும் கேட்டுத் தெரிந்துகொண்டார். மற்ற மூன்றுக்கும் பையன் பதினைந்து நாள் தவணை கேட்டான்.

இப்போது அவன் வேலைக்குப் போகிறான். பெண்ணின் தாயாரிடம் நம் பெண் தோழர்கள் போய் அறத்தொடு நின்றார்கள். அந்த அம்மா அழுதுவிட்டு, ஒப்புக்கொண்டார். பையன் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் தகப்பனார் இன்னும் பேசவில்லை. அவருடைய சொந்தக்காரர் சிலர் மிரட்டுகிறார்கள். பதிவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அன்று அந்த ஆபீஸ் வாசலில் இரண்டு பேர் மட்டும் நின்றால் அது அவர்கள் பிரச்சினை. இருநூறு பேர் நின்றால் அது ஊர்க் கல்யாணம். இருநூறு பேர் வருவீர்களா?

பெரியவரே, நீங்கள் கை தூக்குவதைப் பார்க்கிறேன். தறியை இன்னொரு நாளும் பாதியில் விட வேண்டியிருக்கும்.